மறு: ‘இணங்காமை’ போதுமா? – ஒட்டொழுகல், எதிரொழுகல், தன்னொழுகல்

அன்புள்ள நண்பர்களே,

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒருசேரப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்களான எமர்சன், தோரோ இருவரின் கட்டுரைகளைத் தமிழாக்குவோருக்காக, ‘nonconformity’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய கேள்வி, இப்போது ‘இணங்காமை’, ‘கலகம்’, ‘வழிவிலகல்’, ‘ஒவ்வாமை’ என்ற நான்கு பரிந்துரைகளில் வந்து நிற்கிறது. கடைசிச் சொல்லை மருத்துவம் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. தூசி ஒவ்வாமை, மருந்து ஒவ்வாமை என்று எல்லார் வாயிலும் புழங்குவதை இனி இந்தப் பக்கம் இழுக்க முடியாது. மற்ற மூன்றிலும் எனக்கு உள்ள மனக்குறை ஒன்றேதான். கூட்டம் ஒரு பக்கம் போகிறது. இவர் இணங்கவில்லை, எதிர்க்கிறார், விலகுகிறார். மூன்று சொல்லும் ஆளைக் கூட்டத்தை வைத்தே அளக்கின்றன.

எமர்சன் 1841-இல் வெளியிட்ட ‘Self-Reliance’ கட்டுரையில் அளவுகோல் வேறு. உலகத்தின் நடுவே இருந்துகொண்டு உலகத்தின் கருத்துப்படி வாழ்வது எளிது, தனிமையில் இருந்துகொண்டு நம் கருத்துப்படி வாழ்வதும் எளிது, கூட்டத்தின் நடுவே இருந்தும் தனிமையின் சுதந்திரத்தை இனிமை குறையாமல் காப்பவரே பெரியவர் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த ‘இனிமை குறையாமல்’ என்பதைக் கவனியுங்கள். கலகம் என்ற சொல்லுக்குள் அது நுழையவே நுழையாது. அவர் வாழ்க்கையும் அப்படித்தான் இருந்தது. 1832-இல் பாஸ்டன் நகரில் தாம் போதகராக இருந்த சபையில், திருவிருந்துச் சடங்கைத் தம்மால் மனமொப்பி நடத்த முடியாது என்றார். அதை மாற்றச் சபை ஒப்பவில்லை. பதவியை விட்டு விலகினார். சபையைத் திட்டவும் இல்லை, பிளக்கவும் இல்லை.

தோரோவின் கதை இன்னும் துல்லியமாகப் பொருந்துகிறது. 1846 ஜூலை மாதம் ஒரு நாள், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த காலணியை வாங்கக் கான்கார்டு ஊருக்குள் வந்தவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் தலைவரியைச் சில ஆண்டுகளாகக் கட்டாதவர் அவர். அடிமை முறையைத் தாங்கி நிற்கும் அரசைத் தன் அரசாக ஏற்க மாட்டேன் என்பது அவர் நிலை. யாரோ அவர் சார்பில் வரியைக் கட்டிவிட்டார்கள். மறுநாள் வெளியே வந்தவர் நேரே போய்க் காலணியை வாங்கி மாட்டிக்கொண்டு, பழம் பறிக்கக் காத்திருந்த ஆட்களோடு குன்றுப் பக்கம் கிளம்பிவிட்டார். இந்த நிகழ்ச்சியை எல்லாரும் சொல்வார்கள். இதைப் பற்றி எழுதிய ‘Civil Disobedience’ கட்டுரையில் அவர் சொன்ன இன்னொரு வாக்கியம் அவ்வளவாக மேற்கோளாவதில்லை: சாலை வரியை நான் ஒருபோதும் மறுத்ததில்லை, நல்ல அண்டை வீட்டுக்காரனாக இருக்க எனக்கும் ஆசை உண்டு என்கிறார்.

நம் கேள்விக்கு விடை இந்தச் சாலை வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தலைவரியை மறுத்ததும் சாலை வரியைக் கட்டியதும் ஒரே மனிதர், ஒரே மனச்சாட்சி. ‘இணங்காமை’ என்று வைத்தால் முதல் செயல் மட்டும் அதற்குள் அடங்கும், இரண்டாவது வெளியே நின்றுவிடும். ஊர் கட்டுகிறது என்பதற்காகக் கட்டாமலும், ஊர் கட்டுகிறது என்பதற்காக மறுக்காமலும், ஒவ்வொன்றையும் தானே நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கிற அந்தப் போக்குக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

சமூக உளவியலில் இந்தப் பிரிவினை ஏற்கெனவே உண்டு. கூட்டத்தோடு போவது ஒன்று, கூட்டத்துக்கு எதிராகவே போவது இன்னொன்று, கூட்டம் எப்படிப் போனாலும் தன் கணிப்பில் நிற்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் ஆளை நடத்துவது கூட்டம்தான். கூட்டம் இடப்பக்கம் திரும்பினால் கண்டிப்பாக வலப்பக்கம் திரும்புகிறவரின் அடுத்த அடியை யாரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆகவே ஒரு சொல்லால் நம் வேலை முடியாது, மூன்று வேண்டும். என் பரிந்துரை: ஒட்டொழுகல், எதிரொழுகல், தன்னொழுகல்.

முதல் சொல்லை நான் உண்டாக்கவில்லை. ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று 140-ஆம் குறளில் இருப்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். வள்ளுவர் அதைப் புகழ்ந்து சொல்கிறார், நாம் குறையாகச் சொல்லலாமா என்று யாரேனும் கேட்பீர்கள். கலைச்சொல்லுக்குப் புகழும் வேண்டாம், பழியும் வேண்டாம். இது நடுநிலையான சொல்லாகவே நிற்கும். அப்புறம், அங்கே ‘உலகம்’ என்பது கண்ட கூட்டம் அல்ல, உயர்ந்தோர் பலரும் ஒழுகிய வழி என்றுதான் பரிமேலழகர் உரை சொல்கிறார். அதே வள்ளுவர்தான் அறிவுடைமை அதிகாரத்தில், யார் வாயிலிருந்து கேட்டாலும் மெய்ப்பொருளைத் தானே காண்பது அறிவு என்கிறார் (423). மூன்று குறள் தள்ளி, உலகம் எவ்வாறு வாழ்கிறதோ அவ்வாறு வாழ்வது அறிவு என்கிறார் (426). இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்தவருக்கு ஒட்டொழுகலும் தன்னொழுகலும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பொருள்களாகத் தோன்றவில்லை. தலைவரியிலும் சாலை வரியிலும் தோரோ எடுத்த முடிவுகளும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

‘ஒழுகல்’ என்றதும் கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு வரும், தெரியும். தனிச்சொல்லாக நின்றால் வரத்தான் செய்யும். ஆனால் ‘ஒழுகலாறு’ என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரைகளில் நெடுங்காலமாகத் தயக்கமின்றி எழுதி வருகிறோம். யாருக்கும் ஓட்டை நினைவுக்கு வருவதில்லை. ‘ஒழுக்கம்’ என்று மாற்றினால் நன்னடத்தைப் பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும், அது இதைவிடப் பெரிய தொல்லை. ‘ஒட்டாமை’யும் வேண்டாம். பழந்தமிழில் ஒட்டார் என்றால் பகைவர். மாற்றுக் கருத்து உள்ளவரைப் பகைவராக்கும் சொல்லை நாமே செய்து கொடுக்க வேண்டியதில்லை.

எமர்சன் எழுதிய ‘nonconformist’ என்பதே ஓர் எதிர்மறைச் சொல்தானே, மூலத்தில் இருப்பதை விட்டு நாம் ஏன் விலக வேண்டும் என்று இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் 1662-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அரசு வகுத்த வழிபாட்டு நூலை ஏற்க மறுத்த ஏறத்தாழ 2000 போதகர்கள் அப்போது வேலையை இழந்தார்கள். அவர்களையும் அவர்கள் வழிவந்த சபைகளையும் குறிக்க வழங்கிய பெயர் அது. நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களின் வழிவந்தோர் காதில் அந்தச் சொல் விழும்போது, மனச்சாட்சிக்காக வாழ்வாதாரத்தை விட்ட முன்னோர் நினைவு கூடவே வரும். எதிர்மறை வடிவில் இருந்தாலும் அது அவர்களுக்குப் பெருமைப் பெயர். தமிழில் ‘இணங்காதவர்’ என்றால் அந்த வரலாறு எதுவும் கூட வராது. முரண்டு பிடிக்கிறவர் என்ற எண்ணம் மட்டும் வரும். வடிவத்தைக் காப்பாற்றப் போய்ப் பொருளைக் கைவிட வேண்டாம். அந்தச் சபைகளைப் பற்றிய வரலாற்று நூல்களில் மட்டும் ‘இணங்காச் சபையார்’ என்பது இருக்கட்டும்.

சரி, இன்றைய வாழ்க்கையில் இந்த மூன்று சொற்கள் வேலை செய்யுமா? அங்கே வேலை செய்யவில்லை என்றால் இவை தமிழாக்கத்தின் அடிக்குறிப்பில் கிடந்து மறைந்துவிடும்.

1951-இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவரைத் தவிர அறையில் இருக்கும் எல்லாரும் ஆஷின் ஆட்கள், பல சுற்றுகளில் முன்பே பேசிவைத்தபடி தவறான விடையைச் சொல்வார்கள். கண்ணுக்கு நேரே தெரிகிற நீளத்தைக்கூட விட்டுவிட்டு, அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை, சோதிக்கப்பட்டவர்கள் கூட்டத்தின் விடையையே சொன்னார்கள். ஆனால் அவர்களில் நாலில் ஒருவர் ஒருமுறைகூட அசையவில்லை. அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே போதும், ஒட்டொழுகல் வெகுவாகக் குறைந்தது. விடையைத் தாளில் தனியாக எழுதச் சொன்னபோதும் குறைந்தது.

இப்போது நம் கைப்பேசியைப் பாருங்கள். ஒரு பதிவின் முதல் வரியைப் படிக்கும்போதே அதன் அடியில் விருப்பக்குறி எண்ணிக்கை தெரிகிறது. குழுவில் கருத்துக்கணிப்பு வைத்தால் யார் எதற்கு வாக்களித்தார் என்று பெயரோடு தெரிகிறது. ஆஷின் அறையில் வாய்விட்டுச் சொல்லும் நிலை இது. தாளில் எழுதித் தரும் நிலை அரிதாகிவிட்டது. ‘உங்களுக்காகவே’ என்று செயலி எடுத்துக் கொடுக்கும் பட்டியலும், உங்களைப் போலவே பார்த்துக் கேட்டு வாங்கியவர்கள் அடுத்து எதைத் தொட்டார்கள் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் உருவாகிறது. பெயர் தனிப்பயனாக்கம், உள்ளே நடப்பது ஒட்டொழுகல். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடிகிறது என்பதே இந்தச் சொல்லின் பயன்.

எதிரொழுகலுக்கும் இன்று சந்தை இருக்கிறது. ‘கூட்டத்தில் ஒருவராக இருக்காதீர்கள்’ என்று சொல்லி ஒரே சட்டையை இலட்சக்கணக்கானோருக்கு விற்கிறார்கள். எல்லாரும் பாராட்டிய படம் என்பதற்காகவே அதை மட்டம் தட்டினால் பார்வையாளர் கூடுகிறார்கள். ‘வழிவிலகல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இந்த விற்பனையையும் தோரோ சிறைக்குப் போனதையும் ஒரே பையில் போட வேண்டியிருக்கும். எனக்கு இதுதான் தாங்கவில்லை. இளைஞர்களுக்கு இந்தக் கருத்தைச் சொல்லும்போது, வித்தியாசமாகத் தெரிவதையும் தன் கணிப்பில் நிற்பதையும் பிரித்துக் காட்டச் சொல் இல்லாமல் போனால், முதலாவதைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எமர்சன் கட்டுரையின் தலைப்புக்குத் ‘தற்சார்பு’ என்பதை விடலாம், அது வேளாண்மையோடும் பொருளாதாரத்தோடும் இறுகிவிட்டது. ‘தன்னம்பிக்கை’ வேறு பொருள். ‘தற்றுணிபு’ பொருந்தும். இலங்கைச் சட்டத்தமிழில் அது, அதிகாரி தன் கணிப்பின்படி முடிவெடுக்கும் உரிமையைக் குறிக்கிறது. பொருள் மோதவில்லை, உறவாகவே இருக்கிறது. தனித்தன்மை, தனிமனிதவாதம் இரண்டும் புழங்கிவிட்டவை, அப்படியே இருக்கட்டும். எமர்சனும் தோரோவும் சேர்ந்திருந்த ‘Transcendentalism’ இயக்கத்தின் பெயராக ‘ஆழ்நிலைவாதம்’ வேண்டாம், ஆழ்நிலைத் தியானத்தோடு குழம்பும். புலன் வழியே வராத உள்ளறிவை நம்பியவர்கள் என்பதால் ‘புலன்கடப்பியம்’ என்று எழுதிப் பார்க்கிறேன். ‘கடப்பியம்’ என்று மட்டும் சுருக்கினால் கடப்பாடு நினைவுக்கு வந்துவிடும், ஆகவே சுருக்க வேண்டாம்.

ஆளைக் குறிக்கும் சொல்தான் எனக்கு இன்னும் நிறைவாக அமையவில்லை. ‘தன்னொழுகுநர்’ இலக்கணப்படி சரி. எமர்சனின் புகழ்பெற்ற வாக்கியத்தில் வைத்தால், ‘மனிதராக இருக்க விரும்புகிறவர் தன்னொழுகுநராக இருந்தாக வேண்டும்’ என்று வருகிறது. கண்ணால் படிக்க நன்றாக இருக்கிறது, வாய்விட்டுச் சொன்னால் நீளம் தெரிகிறது. ‘தன்னொழுகர்’ என்று குறைக்கலாமா, ஒழுகு என்பதோடு அர் ஈறு அப்படிச் சேருமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வேறு ஈறு தோன்றினாலும் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: சொல்லை மட்டும் அனுப்பாமல், அதை வைத்து இரண்டு மூன்று வாக்கியங்களும் எழுதி அனுப்புங்கள், சேர்த்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்