கொசப்பேட்டை வீடு (குடும்பக் குழு)

அத்தை: டேய், நேற்று ராத்திரி எங்கள் டிவியில் என்ன படத்தைப் போட்டுவிட்டுப் போனாய்? ஆளை மரம் அரைக்கிற மெஷினில் விட்டு அரைக்கிறான், சாக்ஸ் போட்ட கால் மட்டும் மேலே நிற்கிறது. காலையில் மிக்ஸியில் சட்னி அரைக்கவே மனசு வரவில்லை.

நான்: ஃபார்கோ அத்தை. 1996இல் வந்தது, கோயன் சகோதரர்கள் எடுத்தது. மாஸ்டர்பீஸ்.

மாமா: இன்னா மாஸ்டர்பீஸ்? கத்திரி வெயிலில் மாடி ரூமே அடுப்பு மாதிரி கொதிக்குது, படம் முழுக்க பனியா இருக்கே என்றுதான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். அது சரி, உண்மைக் கதை என்று முதலில் போட்டானே, நிஜமா?

நான்: இல்லை மாமா. 1987இல் மின்னசோட்டாவில் நடந்தது, செத்தவர்கள் மேலிருக்கும் மரியாதையால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம் என்று போடுவார்கள். கதை ஜோடித்தது. படத்தில் முதல் பொய் அதுதான், கார் விற்கிற ஜெர்ரி வாய் திறந்து சொல்கிற பொய்யெல்லாம் அதற்கு அப்புறம்.

அக்கா: ஐயோ அந்த ஜெர்ரி! வாங்க வந்தவர் வேண்டாம் என்று சொன்ன கார் கோட்டிங்கை பில்லில் ஏற்றிவிட்டு, முதலாளியைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போய் மேட்ச் டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறானே. நான் வண்டி எடுத்தபோது இங்கேயும் ஒருத்தன் அப்படித்தான் உள்ளே போனான், திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான், 200 ரூபாய் குறைத்தான்.

மாமா: பணம் வேண்டும் என்று மாமனாரிடம் உள்ளதைச் சொல்ல வாய் வராமல், அவரிடம் கறக்கப் பெண்டாட்டியையே கடத்த ஆள் வைக்கிறான். நான் வாய் திறந்து கேட்டேன், என்ன கிடைத்தது?

அத்தை: ஆட்டோ கிடைத்தது. அதுவும் எங்கள் அப்பா காசு. இதைக் குரூப்பில் பேச வேண்டாம்.

நான்: 😂 மாமா, கணக்கைக் கவனித்தீர்களா? கேட்கப்போகும் பணம் கடத்துகிறவர்களிடம் 80,000 டாலர் என்கிறான், மாமனாரிடம் 10 லட்சம் என்கிறான். கடத்துகிறவர்களில் ஒருவனான கார்ல் பெட்டியைத் திறந்து பார்த்ததும் கண்ணே பிதுங்கிவிடுகிறது, கூட்டாளிக்குக் காட்ட 80,000ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 9,20,000ஐ கம்பி வேலி ஓரம் பனியில் புதைக்கிறான். இந்தப் பக்கம் திரும்பினால் வேலி, அந்தப் பக்கம் திரும்பினால் அதே வேலி, அதே பனி, அடையாளத்துக்கு கார் கண்ணாடியில் பனியை வழிக்கிற சிவப்புச் சுரண்டி ஒன்றை நட்டுவைக்கிறான், பாலாற்று மணலில் ஒற்றைச் செருப்பை நட்டுவிட்டு வந்த மாதிரி. அப்புறம் நேராகப் போய், கூலியோடு கிடைத்த காருக்குப் பாதி விலை தரமாட்டேன் என்று கூட்டாளியோடு மல்லுக்கு நின்று கோடாலியால் வெட்டுப்படுகிறான். அந்தப் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருந்தால் உயிரோடு இருப்பான். இதற்குச் சிரிப்பதா அழுவதா?

அத்தை: நான் சிரித்தது வேறு இடத்தில். அந்தப் பெண் முகத்தை மூடிக் கட்டியபடி பனியில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடுகிறாளே, கடத்தினவன் சிரிக்கிறான், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் தூக்கமே வரவில்லை. புருஷனும் அப்பாவும் கடைசிவரை பணத்தைத்தானே பேசினார்கள்.

அக்கா: அதனால்தான் அந்தப் போலீஸ்காரம்மா வரும்போது நமக்கு மூச்சு வருகிறது. அரை மணி நேரம் போன பிறகுதான் வருகிறாள், ஏழு மாத வயிறு. பிணத்தைப் பார்த்துவிட்டுக் குனிகிறாள், ஏதோ தடயம் என்று நினைத்தால் வாந்தி வருகிற மாதிரி இருந்தது என்கிறாள், சரியானதும் பசிக்கிறது என்கிறாள். ஏழாம் மாதம் வார்டில் நைட் டியூட்டி பார்த்தவள் சொல்கிறேன், அச்சு அசல் இதுதான். அந்த வேஷத்தில் நடித்த ஃப்ரான்சிஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் கொடுத்தது தப்பே இல்லை. நம் ஊர்ப் படமாக இருந்தால் வளைகாப்பு பாட்டோடு வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள்.

மாமா: மச்சான் ப்ளூ டிக் மட்டும் காட்டுகிறார், பேசமாட்டேன் என்கிறார்.

பெரியப்பா: டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன் மாப்பிள்ளை.

பெரியப்பா: எல்லோரும் ரத்தத்தையும் பணத்தையும் பேசுகிறீர்கள். ஏழு கொலை முடிந்து அந்தம்மா கட்டிலுக்கு வருகிறாள், புருஷன் தயங்கித் தயங்கி, நான் வரைந்த வாத்து மூன்று சென்ட் ஸ்டாம்புக்குத் தேர்வாகியிருக்கிறது என்கிறான். 29 சென்ட் இன்னொருவனுக்குப் போய்விட்டது. மூன்று சென்டை யார் வாங்குவார்கள் என்று சலித்துக்கொள்கிறான். அவள், கட்டணம் ஏறும்போதெல்லாம் பழைய ஸ்டாம்ப் வைத்திருப்பவர்களுக்குச் சின்ன ஸ்டாம்ப்தானே வேண்டும் என்கிறாள். சத்தியமான வார்த்தை. இங்கே கட்டணம் ஏற்றினால் அந்த வாரம் பெரிய ஸ்டாம்பைச் சீந்த ஆள் இருக்காது, ஒரு ரூபாய் ஸ்டாம்ப் கொடுங்க சார் என்று கவுண்டரில் வரிசை வாசல் வரை நிற்கும், ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டு என் விரல் வெளுத்துப்போகும். கதை எழுதினவனுக்கு போஸ்ட் ஆபீஸ் தெரிந்திருக்கிறது.

நான்: எழுதினதும் அந்த அண்ணன் தம்பிதான் பெரியப்பா, அதற்கும் ஆஸ்கர்.

பெரியப்பா: கொடுக்கட்டும். என் ஸ்டாம்ப் ஆல்பத்தை யார் எடுத்துப் போனது?

அத்தை: அண்ணா, அது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. டேய், அந்தப் பனிச் சுரண்டி கடையில் கிடைத்தால் ஒன்று வாங்கி வா, ஃப்ரீசரில் ஐஸ் கட்டிக் கதவே மூட வரவில்லை.