வீட்டு வேலைக்குப் பிள்ளைகள்: 18 வயதுவரை தடை வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:
நேற்று குடந்தையான் எழுதியது இது: "வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை வைக்கத் தடை 2006-லேயே வந்தாச்சு. இன்னொரு சட்டம் எதற்கு? எங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள். வயது 15. மகளாகத்தான் வளர்கிறாள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2006 அக்டோபர் 10-இல் அமலான தடை 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வந்த 2016 திருத்தம் 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களிலிருந்துதான் விலக்கியது. விடியலில் வாசல் தெளிப்பது முதல் ராத்திரி அடுப்படி கழுவுவதுவரை அடுத்தவர் வீட்டிலேயே கிடப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் 18 வரை தடை கேட்கிறோம். சரி, குடந்தையான் ஐயா, அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன வயது?

குடந்தையான்:
ஆதாரில் 15. சட்டப்படி நான் சரி. கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்து, வேலையில்லாமல் நின்ற அவள் அப்பாவே கொண்டுவந்து விட்டார். சோறு, துணி, தீபாவளிக்குப் பாவாடை எல்லாம் என் செலவு.

வெண்ணாற்றங்கரை:
கஜா அடித்தது 2018 நவம்பரில். இன்று 15 என்றால் அன்று எப்படிக் கணக்குப் போட்டாலும் பத்தைத் தாண்டாது. 14-க்குக் கீழே வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், இல்லை இரண்டுமே. வந்தபோது என்ன வயது?

தாராசுரம் வாசகி:
வெண்ணாறு அண்ணே, சட்டம் போட்டால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமா போகும்? திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குத்தான் ஏற்றுவார்கள். தெரிந்த வீட்டில் இருந்தால் பாதுகாப்பு.

வெண்ணாற்றங்கரை:
மில்லுக்குள் ஆய்வாளர் நுழையலாம். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள் தங்கச்சி? வீட்டுப் பணியாளர்களுக்கான ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கை 2011-இல் வந்தது, இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு 18 வயதுவரை காக்கிறது. ஆனால் கொத்தடிமையாக வைத்தார்கள், சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று காட்டினால்தான் அது உதவும். குடந்தையான், சம்பளம் அவள் கைக்குப் போகிறதா, அப்பாவுக்கு முன்பணமாகப் போனதா? வந்தபோது வயது என்ன?

மன்னை மணி:
என் தாத்தா பண்ணையில் மாடு மேய்த்த பையன். அவரையும் "எங்க வீட்டுப் பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். தூங்கியது மாட்டுக்கொட்டகையில். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வராவிட்டால் அந்தப் பாசம் இன்னும் நீண்டிருக்கும்.

குடந்தையான்:
என் பாட்டனாரைக் குத்திப் பேசுகிறீர்கள். பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றிய குடும்பம் எங்களுடையது.

மன்னை மணி:
உங்கள் பாட்டனார் பெயரை நான் எடுக்கவே இல்லை. நீங்களாக ஏன் தொப்பியை மாட்டிக்கொள்கிறீர்கள்?

முத்துப்பேட்டை அலை:
ஜூன் 12 என்றால் நமக்கு மேட்டூர் திறப்புதான் ஞாபகம் வரும். குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினமும் அதே நாள்தான். நம் பக்கம் ஆட்டுக்கிடைக்கு அடகு வைத்த பையன்களை மீட்டார்களே, அதுபற்றி இங்கே ஒரு வரி வந்ததா?

தாராசுரம் வாசகி:
மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்று போன மாதம் சண்டை இழுத்தவர்தானே நீங்கள்?

மன்னை மணி:
வரவில்லைதான். கும்பகோணம் தாண்டி எங்கள் பக்கம் வந்து வாய்க்காலைப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
தண்ணீரைத் தள்ளி வையுங்கள். 18 வரை தடை, வீட்டோடு தங்கி வேலை பார்ப்பவர்களுக்குப் பதிவு, வெளியே எடுத்த பிள்ளைக்கு விடுதியும் படிப்பும். மூன்றும் ஒரே சட்டத்தில் வரவேண்டும். மீட்டுக் கொண்டுவந்து மறுபடி அதே கடன்கார அப்பாவிடம் விட்டால் அடுத்த வாரம் வேறு வீட்டில் இருப்பாள். குடந்தையான், இன்னும் பதில் வரவில்லை. வந்தபோது என்ன வயது?

குடந்தையான்:
ஆதாரில் 15 என்று சொல்லிவிட்டேன். என் வீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு? மன்னை மணி வாய்க்கால் பற்றிச் சொன்னது பச்சைப் பொய். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
அங்கேயும் வந்து இதையேதான் கேட்பேன்.