மறு: நூற்புழுவைத் தின்னும் பூசணத்துக்குப் பெயர் – ‘கொல்லி’ வேண்டாமே

அன்பு நண்பர்களே,

மண்ணில் வாழும் நூற்புழுவை (nematode) தின்னும் பூசணத்துக்கு, அதாவது பூஞ்சைக்கு, தமிழ்ப்பெயராக முந்தைய மடலில் முன்வைத்த ‘நூற்புழுக்கொல்லிப் பூஞ்சை’ எனக்கு நெருடுகிறது. கொல்லி என்றதும் உழவருக்கு நினைவு வருவது மருந்துக்கடைப் புட்டி. பக்கத்துத் தட்டிலேயே பூஞ்சைக்கொல்லியும் இருக்கும். இந்தப் பூசணத்தையும் அதையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றினால் போச்சு, காசு கொடுத்து வாங்கிய பூசணமே செத்துவிடும். எங்கள் ஊரில் நடந்ததுதான்.

தார் விட்ட வாழை பெரிய காற்றில்லாமலே வேரோடு சாயும். அந்த வேரை நீளவாக்கில் பிளந்தால், வெள்ளையாக இருக்கவேண்டிய சதையில் செம்பழுப்புத் திட்டுகள். வேரைக் குடையும் நூற்புழுவின் வேலை. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. பழி காற்றின்மேல் போகும்.

இந்தப் புழு இனத்தைத் தின்னும் பூசணங்கள் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. ஆர்த்ரோபாட்ரிஸ் ஒலிகோஸ்போரா தன் இழைகளைப் பசை வலையாகப் பின்னிக் காத்திருக்கும். ஒட்டிய புழுவுக்குள் நுழைந்து தின்னும். அதன் உறவுக்காரப் பூசணங்கள் சில மூன்று செல்களால் ஆன வளையம் வைக்கும். புழு தலையை நுழைத்ததும் செல்கள் வீங்கி நெரித்துவிடும். முயலுக்கு வைக்கும் சுருக்குக்கண்ணியேதான்! ஆகவே இந்த வகைக்குக் ‘கண்ணிப்பூசணம்’.

ஆனால் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பர்ப்யூரியோசிலியம் லிலாசினம், அதாவது முன்பு பேசிலோமைசிஸ் எனப்பட்டது, கண்ணி எதுவும் வைப்பதில்லை. நூற்புழு முட்டையின் ஓட்டைத் துளைத்து உள்ளிருப்பதைத் தின்கிறது. அதற்கு ‘முட்டைத்துளைப்பான்’ எனலாமா?

இரண்டுக்கும் பொதுவாக ‘நூற்புழுவுண்ணிப் பூசணம்’. உண்ணி என்றால் மாட்டின் காதில் ஒட்டியிருப்பதல்லவா என்பீர்கள். சரி, ஆனால் ஒட்டுண்ணியும் ஊனுண்ணியும் பள்ளிப்பாடத்திலேயே நிலைத்துவிட்டன, இதுவும் பழகிவிடும்.

அப்புறம், வேர் உட்பூசணத்தை இதில் சேர்க்காதீர்கள். அது புழுவைத் தின்பதில்லை. வேரில் குடியேறி மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேடிக்கொடுத்து, மரத்தைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. அந்தச் சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால்தான் நானும் பூசணம் என்றே வைத்தேன். பூஞ்சை என்றாலும் சம்மதம், பூஞ்சையா பூசணமா என்ற பழைய சண்டையைக் கிளறவில்லை.

‘முட்டைத்துளைப்பான்’ மட்டும் எனக்கே திருப்தியில்லை. ஏதோ சமையலறைக் கருவிபோல ஒலிக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.