பெரியப்பாவோட மூணு டிரங்க் பெட்டி: வழி சொல்லுங்க

வணக்கம். எங்க பெரியப்பா உலோகவியல் பேராசிரியரா இருந்தவர், போன வருஷம் தவறிட்டார். காட்பாடி வீட்டுப் பரண்ல அவரோட மூணு டிரங்க் பெட்டி: வகுப்புக் குறிப்பு, கடிதங்கள், எஃகை மெருகேத்தி அமிலத்துல அரிக்கவிட்டு நுண்ணோக்கியில எடுத்த படங்கள். ஒரு நோட்டு முழுக்க நம்ம ஊர் உருக்கு பத்தி. மூசையில, அதாவது உலோகம் உருக்குற மண் குடுவையில, உருக்கினது, அதுல கரி (கார்பன்) 1.5 சதவீதம் அளவுன்னு ஆரம்பிச்சு, 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில ஹீத்ங்கற ஆங்கிலேயர் தொடங்கின இரும்பாலை வரைக்கும்.

பிலிம் டப்பாவைத் திறந்தா வினிகர் நெடி. அசிட்டேட்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச பழைய பிலிம் சிதைய ஆரம்பிச்சா அப்படித்தான் வருமாம். வேலூர் வெயிலும் சேர்ந்தா கேட்கவே வேணாம்! பெரியம்மா "எடைக்குப் போட்டுடு கண்ணு"ங்கறாங்க. எனக்கு மனசு வரல. அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், உலோகவியல் பேராசிரியர் சிரில் ஸ்டான்லி ஸ்மித்தோட காகிதங்களைக் காப்பகத்துல வெச்சிருக்கு. நம்ம ஆளுக்கு ஒரு அலமாரி கிடைக்காதா?

பிலிமை வேலூர்லயோ சென்னையிலயோ எங்க ஸ்கேன் பண்ணலாம்? நோட்டுகளை எந்த நூலகம் வாங்கிக்கும்? அவர் நூல் போட்டுக் கட்டின கட்டுகளைப் பிரிக்கலாமா, அப்படியே விடணுமா? ஜூன் கடைசியில வீட்டை இடிக்கிறோம், அதுக்குள்ள பரண் காலியாகணும்.