ஆற்றங்கரையில் முகாமிட்ட இரவில் நீர் ஏறியதுண்டா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நாணற்காடு:
கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரையிலான கங்கை மணற்கரைகளில் முகாமிடுவதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடை விதித்தது. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை. சிவபுரி அருகே மணலில் கூடாரம் போட்டிருந்தோம். நள்ளிரவில் என்னை எழுப்பியது சத்தமல்ல, சத்தம் குறைந்ததுதான். பாறைகளை நீர் மூடிவிட்டதால் ஆற்றின் இரைச்சல் அடங்கியிருந்தது. டார்ச் ஒளியில் பார்த்தால், கவிழ்த்து வைத்திருந்த என் மஞ்சள் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) அப்படியே மிதந்து மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியிருக்க வேண்டிய கயிற்றில் முகாம் ஊழியர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். டெஹ்ரி அணையில் நீர் திறந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

மேட்டுக்கரை:
எந்த மாதம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. டெஹ்ரி அணை பாகீரதியில்தான் இருக்கிறது. தேவபிரயாகையில் பாகீரதியோடு சேர்ந்து கங்கையாகும் அலக்நந்தாவை அது கட்டுப்படுத்தாது. அதனால் நீர் ஏறியதற்கு அணை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கோடையில் பகல் வெயிலில் உருகும் பனிநீர் கீழே வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அதே கங்கைக் கரையில் உள்ள பியாசியில் நான் மாலையில் நீர்விளிம்பில் நட்ட குச்சி விடியும்போது முழங்கால் ஆழத்தில் நின்றது. என் அனுபவம் அவ்வளவுதான். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: சருகும் சுள்ளியும் ஒதுங்கிய கோட்டைத் தேடி, அதற்கும் மேலே கூடாரம் போடுங்கள். கயாக்கைக் கூடாரக் கம்பத்தில் கட்டாமல் மரத்தில் கட்டுங்கள். துடுப்பையும் மிதவைச் சட்டையையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன்பே மேட்டுக்கு ஏறும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

செம்பாறை:
மேட்டுக்கரை அவர்களே, மரம் இருந்தால்தானே கட்டுவதற்கு? அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றின் பல கரைகளில் புதர்கள் மட்டுமே உள்ளன. நாங்கள் மணல் நிரப்பிய பையை ஆழப் புதைத்து அதில் கட்டினோம். அங்கே எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. மின்தேவைக்கேற்ப கிளென் கேன்யன் அணையிலிருந்து விடும் நீர் கூடிக் குறைவதால், காலையில் ஆறு விலகிப்போயிருந்தது. சமையல் பெட்டிகளை ஏற்றியிருந்த ரப்பர் படகு பாறைகளின் மேல் சாய்ந்து கிடந்தது. எல்லோரும் சேர்ந்து தள்ளியும் அது அசையவில்லை. அணை வண்டலைத் தேக்கிவிட்டதால் முகாமிடும் மணல்மேடுகளும் தேய்ந்துவருகின்றன. அவற்றை மீட்கவே 1996 முதல் அவ்வப்போது செயற்கை வெள்ளம் விடுகிறார்கள். நீர் திரும்பி வரும்வரை, மதியம் தாண்டியும், அந்தப் படகின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தோம்.