ஆறாத சுகர் புண்ணுக்கு நஞ்சுக்கொடி சவ்வு வைக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொள்ளிடக்கரை:
அப்பாவுக்கு 64 வயசு, ரொம்ப வருஷமா சுகர். வலது கால் பெருவிரலுக்குக் கீழ உள்ளங்கால்ல ஒரு புண்ணு, பொங்கலுக்கு முன்னாடி வந்தது இன்னும் ஆறல, டிரெஸ்ஸிங் பண்றோம், ஆன்டிபயாடிக் முடிச்சாச்சு, ஓரம் மட்டும் தடிச்சுத் தடிச்சு வருது நடுவுல குழி அப்படியே இருக்கு. இப்ப பாக்கற டாக்டர் நஞ்சுக்கொடில இருந்து எடுக்கற சவ்வு வச்சுப் பாக்கலாம்ங்கறார். அம்மா ஒரே பிடியா வேணாம்ங்கறாங்க, மண்ணுல புதைக்கறத கால்ல வைக்கறதான்னு. எனக்கு அந்தக் கவலை இல்ல, வேற ஒருத்தர் உடம்புல இருந்து வர்றத உடம்பு ஏத்துக்குமா, வேலை செய்யுமா, அதான் கேள்வி. விரல எடுக்கணும்னு சொல்லிடுவாங்களோன்னு தூக்கமே வரல.

டிரெஸ்ஸிங்ரூம் அக்கா:
தம்பி, நான் கால் புண்ணு வார்டுல நர்ஸா இருக்கேன். அம்மாகிட்ட சொல்லுங்க, நஞ்சுக்கொடிய அப்படியே கொண்டாந்து வைக்கறதில்ல. சிசேரியன் ஆன தாய்மார்கிட்ட சம்மதம் வாங்கி, எச்ஐவி, மஞ்சக்காமாலை, சிபிலிஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணி, குழந்தையச் சுத்தியிருக்கற பனிக்குடத்தோட மெல்லிசு சவ்வ மட்டும் உரிச்சுக் கழுவிக் காயவச்சு, கிருமி நீக்கி பாக்கெட் பண்றாங்க. மும்பை டாடா மெமோரியல்ல 1988ல ஆரம்பிச்ச திசு வங்கில காமா கதிர் அடிச்சுதான் தர்றாங்க. கண் ஆஸ்பத்திரில ஆசிட் பட்ட கண்ணுக்கும் இதே சவ்வுதான் வைப்பாங்க. அதுல ரத்தக்குழாயே கிடையாது, அதனால உடம்பு எதுத்து நிக்கறது ரொம்பக் குறைவு. தொடைத்தோல் எடுத்து ஒட்டற மாதிரி அது அங்கயே ஒட்டி வளராது, அதுல இருக்கற வளர்ச்சிப் புரதங்கள் அப்பாவோட சொந்த செல்ல உசுப்பிவிடும், அப்புறம் கரைஞ்சு போயிடும்.

ஆனா நீங்க ஓரம் தடிக்குதுன்னு எழுதினதுதான் எனக்கு உறுத்துது. அது காய்ப்பு. அப்பா அந்தப் புண்ணு மேலயே மிதிச்சு நடக்கறார்னு அர்த்தம். கால்ல ரத்த ஓட்டம் டாப்ளர் வச்சுப் பாத்தாங்களா? எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்தாங்களா?

டல்லாஸ் குமரன்:
நான் இங்க அமெரிக்காவுல ஆஸ்பத்திரி பில்லிங்ல இருக்கேன், காசு பக்கம் சொல்றேன். 2013ல 25 பேர வச்சு நடந்த ஆய்வுல காயவச்ச சவ்வு வச்சவங்கள்ல 6 வாரத்துல 92 சதவீதம் பேருக்கு ஆறிச்சு, வெறும் டிரெஸ்ஸிங்ல 8 சதவீதம்தான். 2014ல 97 பேர், உறைய வச்ச சவ்வு, 12 வாரத்துல சவ்வு வச்சவங்கள்ல 62 சதவீதம், வைக்காதவங்கள்ல 21 சதவீதம் ஆறிச்சு. நல்ல ரிசல்ட்தான், ஆனா ரெண்டுக்கும் பணம் போட்டது அந்தந்தச் சவ்வ விக்கற கம்பெனியே, ஆளும் கம்மி, அதனால 92ங்கற நம்பர நான் அப்படியே நம்ப மாட்டேன். இங்க வயசானவங்களுக்கான அரசு காப்பீடு மெடிகேர்ல இந்த மாதிரி தோல் மாற்றுப் பொருளுக்கு 2019ல 25 கோடி டாலர் செலவாச்சு, 2024ல 1000 கோடி டாலரத் தாண்டிருச்சு, தேவையே இல்லாதவங்களுக்கெல்லாம் அடுக்கடுக்கா வச்சுருக்காங்க, வயித்தெரிச்சலா இருக்கு. பொருள் மேல தப்பில்ல, வைக்கற நேரம்தான் முக்கியம். சர்வதேச நீரிழிவுக் கால் குழுவோட 2023 வழிகாட்டிலயும் இதான், வழக்கமான வைத்தியம் ஒழுங்கா பண்ணியும் புண்ணு சுருங்கலன்னா மட்டும் கூடச் சேத்துப் பாருங்கங்கறாங்க.

கொள்ளிடக்கரை:
அக்கா, குமரன் அண்ணா, ரொம்ப நன்றி. டாப்ளர் எடுக்கவே இல்ல. அப்பாவுக்கு உள்ளங்கால்ல உணர்ச்சியே இல்ல, வலிக்கலன்னு சொல்லிட்டு கடைக்கு நடந்தே போயிட்டு வர்றார்.

டிரெஸ்ஸிங்ரூம் அக்கா:
அப்ப முதல்ல அத நிறுத்துங்க தம்பி, சவ்வு அப்புறம். ரத்த ஓட்டம் சரியா இருந்து சீழும் இல்லன்னா, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அழுத்தத்த எடுக்கற முறை இருக்கு, கேளுங்க. வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்க உள்ளங்கால் புண்ண இப்படித்தான் ஆத்தினார், 1966ல அவர் அமெரிக்காவுல கார்வில்ங்கற ஊர்ல இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் அங்க சுகர் புண்ணுக்கும் இதையே பண்ண ஆரம்பிச்சாங்க. எங்க வார்டுல பாதிப் புண்ணு மிதிக்காம இருந்தாலே மூட ஆரம்பிச்சுடும், இத எத்தன பேர்கிட்ட சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. நாலு வாரத்துல புண்ணோட பரப்பு பாதியாவது குறையணும். குறையலன்னா சவ்வு வைங்க, தயங்காதீங்க. காய்ப்பு, செத்த சதை எல்லாம் சுத்தமா செதுக்கி எடுத்துட்டுத்தான் வைக்கணும், அழுக்குப் புண்ணு மேல வச்சா காசு தண்டம். வச்சப்புறம் மேல ஒட்டாத வலை டிரெஸ்ஸிங் போடுவாங்க, அத வீட்டுல பிரிக்காதீங்க, டாக்டர் சொன்ன நாள்ல அவங்கதான் பிரிக்கணும். நடுவுல காய்ச்சல், கெட்ட நாத்தம், பாதம் செவந்து வீக்கம்னு எது வந்தாலும் அன்னிக்கே ஓடிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.