அண்ணனுக்கு இருப்பது பிடிஎஸ்டியா, மனச்சோர்வா, இரண்டுமா?

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் அண்ணனைப் பற்றிக் கேட்கிறேன். தூக்கமில்லை, எதிலும் கவனம் நிற்பதில்லை, உயிராக இருந்த வாலிபாலைக்கூட விட்டுவிட்டார். ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்கிறார், இன்னொருவர் பிடிஎஸ்டி, அதாவது கொடூரமான அனுபவத்துக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு, என்கிறார். இந்த மூன்றும் இரண்டுக்குமே பொதுவான அறிகுறிகள், பிடிஎஸ்டி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறது, செர்ட்ராலின் மாத்திரையையும் இரண்டுக்கும் தருகிறார்கள். சரி, ஆனால் கதவு படாரென்று சாத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாரே, அதை வெறும் மனச்சோர்வு என்று எப்படி விடுவது? செத்துப்போன தோழர்களுக்குப் பதில் நான் போயிருக்கலாம் என்று வேறு சொல்கிறார், அதைக் கேட்டதிலிருந்து அவரைத் தனியாக விடுவதில்லை, மருத்துவரிடமும் சொல்லிவிட்டோம்.

வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: நடந்ததைப் பேசவைக்கும் சிகிச்சையை உடனே தொடங்கினீர்களா, மனச்சோர்வு கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்தீர்களா? அப்புறம், வர மாட்டேன் என்பவரை எப்படி அழைத்துப் போனீர்கள்?